விருந்தினருக்கு எழுதிய சொற்கள்: தாய்லாந்து மொழிக் கைநூல்கள் பற்றிய ஒரு நோக்கு

தாய்லாந்தில் தொழில் நிமித்தமாகவோ, ஓய்வுக் காலத்தைக் கழிக்கும் நோக்கத்துடனோ, மணவுறவு காரணமாகவோ நெடுங்காலந் தங்கி வாழும் அந்நியருக்கென வெளிவந்துள்ள மொழிக் கைநூல்கள் மிகப் பல. பாங்கொக் நகரத்துப் புத்தகக் கடைகளில் இவற்றுக்கெனத் தனி அடுக்குகளே உண்டு. ஆக்கியோர் வேறுபடினும் உள்ளடக்கம் பெரும்பாலும் வேறுபடுவதில்லை. வணக்கங் கூறல், எண்கள், சந்தையில் விலை கேட்டல், உணவுக் கடையிற் காரத்தைக் குறைக்குமாறு கோரல், வாடகை வண்டிக்காரனுக்கு வழி சொல்லல், மருத்துவரிடம் நோவுற்ற இடத்தைக் காட்டல், வீட்டுப் பணிப்பெண்ணுக்கு வேலை கூறல் என்ற ஒழுங்கில் அவை அமையும். இத்தகைய நூல்களை எவரும் விமர்சனத்துக்கு உரியனவாகக் கொள்வதில்லை. அவை கருவிகள், கருவியைப் பயன்படுத்தலாம் அல்லது ஒதுக்கலாம் என்பதே பொதுவான எண்ணம். ஆயின், ஒரு மொழியிலுள்ள பல்லாயிரஞ் சொற்களிலிருந்து ஐந்நூறு சொற்களைத் தெரிந்தெடுத்துத் தருபவர் ஓர் உலகத்தையும் கூடவே தெரிந்தெடுத்துத் தருகின்றார். அவ்வுலகிற் பேசுபவர் யார், பதில் கூறுபவர் யார், இல்லாதோர் யார் என்ற வினாக்களை ஒரு நாவலிடம் எழுப்புவதுபோல் இந்நூல்களிடமும் எழுப்புதல் தகும்.

முதலிற் பெயர் பற்றி ஒரு குறிப்பு. அந்நாட்டவர் தம் மொழியைத் தாய் என்றே அழைப்பர். அதனைத் தமிழில் எழுதினால் ஒவ்வொரு தடவையும் வேறொரு பொருள் குறுக்கிடும் என்பதால் இங்குத் தாய்லாந்து மொழி என்றே குறிக்கப்படுகின்றது.

எல்லாக் கைநூல்களும் தொடங்குவது 'சவத்தீ' என்ற வணக்கச் சொல்லோடு. ஆண் பேசின் 'க்ரப்' என்றும் பெண் பேசின் 'கா' என்றும் மரியாதை இடைச்சொல்லைச் சேர்த்துக் கூறுதல் வேண்டும் என்பது முதற் பாடம். நூற்றாண்டுகளாக அம்மக்கள் நாவில் வழங்கிவந்த சொல் இதுவென்று கற்பவர் எண்ணிக்கொள்வதில் வியப்பில்லை. உண்மை வேறு. 'சுவஸ்தி' என்ற வடசொல்லை அடியாகக் கொண்டு பிரயா உபகித் சில்பசான் என்னும் மொழியறிஞர் 1930களிற் சூலலொங்கோன் பல்கலைக்கழகச் சூழலில் உருவாக்கிய சொல் அது. பிபுல் சொங்க்ராமின் அரசாங்கம் 1943 சனவரி 22இல் அதனை நாட்டின் வணக்கச் சொல்லாக அறிவித்தது. தொப்பி அணிதல், தேசியப் பொருள்களை வாங்குதல், ஒரே மொழியைப் பேசுதல் ஆகியவற்றையெல்லாம் ஆணைகளால் நிலைநாட்ட முயன்ற ஓர் ஆட்சியின் விளைபொருள் அது. இன்று அச்சொல் நன்கு வேரூன்றிவிட்டது. அதனைச் செயற்கை என்று தள்ளுவதற்கில்லை. எனினும், அந்நியர் முதன்முதலாகக் கற்கும் சொல் அரசு தன்னை நாகரிகமுடையதாக உலகுக்குக் காட்டும்பொருட்டு ஆக்கிய சொல் என்பது மனங்கொள்ளத்தக்கது. வாசற்படியிற் கிடைப்பது வரவேற்பு மண்டபத்தின் மொழியே.

அடுக்களைப் பக்கத்து மொழி வேறு. ஒழுங்கையில் எதிர்ப்படும் அயலவர் கேட்பது 'பை நை', அதாவது எங்கே போகிறீர் என்பது. அல்லது 'கின் காவ் றூ யங்', சோறு உண்டாயிற்றா என்பது. தமிழ் வாசகருக்கு இதில் விளக்க வேண்டியது எதுவுமில்லை. மேடையிலும் வகுப்பறையிலும் 'வணக்கம்' கூறும் அதே மனிதர் வேலியோரத்தில் 'எங்கை போறியள்?' என்றும் 'சாப்பிட்டாச்சோ?' என்றுமே கேட்கின்றார். போகுமிடத்தை அறியும் ஆவல் அதில் இல்லை. 'உம்மைக் கண்டேன், நீர் எம்மவர்' என்ற ஒப்புதலே உண்டு. 'இங்கைதான்' என்று கூறிவிட்டு நடப்பதே அதற்குரிய விடை. தாய்லாந்து மொழியிலும் அவ்வாறே. ஆனாற் கைநூல்களிற் பலவும் இவ்வினாவை 'வழி கேட்டல்' என்ற பகுதியிலே சேர்த்துவிடுகின்றன. அதனைப் படித்து வந்தவர், அயலவர் ஒவ்வொருவரும் தம் பயணத்தை விசாரிக்கின்றனர் என்றும், அந்நாட்டவர் பிறர் கருமத்தில் தலையிடுவோர் என்றும் மனங்கசந்து கொள்கின்றார். சொல்லின் பொருள் சரியாகவே தரப்பட்டிருக்கின்றது. அச்சொல் செய்யும் வேலை தரப்படவில்லை. இக்கைநூல்களின் அடிப்படைக் குறைபாடு இச்சிறு உதாரணத்திலேயே முழுமையாகத் தென்படுகின்றது எனலாம்.

அக்குறைபாடு மிகத் துலக்கமாக வெளிப்படுவது தன்மை முன்னிலைப் பெயர்களைத் தரும் பக்கத்திலாகும். 'நான்' என்பதற்கு ஆண்கள் 'பொம்' என்றும் பெண்கள் 'திச்சன்' அல்லது 'சன்' என்றும் கூறுக. 'நீர்' என்பதற்கு எவரையும் 'குன்' என்றழைக்க என்பதோடு அப்பக்கம் முடிந்துவிடும். இவை பிழையல்ல, அலுவலகத்திலும் வங்கியிலும் விடுதியிலும் போதுமானவையே. ஆனால் ஒரு நாளின் பெரும்பகுதியைத் தாய்லாந்தியர் இச்சொற்களைக் கொண்டு கழிப்பதில்லை. தம்மிலும் சற்று மூத்தவர் ஆணாயினும் பெண்ணாயினும் 'பீ'. இளையவர் எவராயினும் 'நோங்'. இவை முன்னிலைக்கு மட்டுமன்றித் தன்மைக்கும் வழங்கும். மூத்தவள் தன்னைப் 'பீ' என்றே கூறிக்கொள்வாள். சிறுமியும் இளம்பெண்ணும் பெரியோர் முன்னிலையில் தம்மை 'நூ', அதாவது எலி, என்று குறித்துக்கொள்வர். ஆசிரியர் தம்மை 'க்ரூ' என்றும், பல்கலைக்கழக விரிவுரையாளர் 'ஆசான்' என்றும் சுட்டுவர். குரு, ஆசாரியர் என்ற சொற்களின் உருமாற்றங்களே இவை. நெருங்கிய தோழர் இருவர் பேசுமிடத்துக் 'கூ', 'முங்' என்ற சொற்கள் அன்பின் அடையாளம். அந்நியரிடம் கூறின் அவையே கைகலப்புக்குக் காரணம். தம் செல்லப் பெயரையே 'நான்' என்னும் இடத்தில் வைத்துப் பேசுவோரும் பலர்.

தந்தை தாயின் தலைமுறைக்குரிய முறைப்பெயர்களை நோக்குமிடத்து இவ்வொழுங்கின் தருக்கம் இன்னும் தெளிவாகும். பெற்றோரின் மூத்த சகோதரன் 'லுங்'. மூத்த சகோதரி 'பா'. தந்தைவழியா தாய்வழியா என்ற பேதம் இங்கில்லை. இளையோரிடத்தில் மட்டும் அப்பேதம் தோன்றுகின்றது: தந்தையின் இளையவர் 'ஆ', தாயின் இளையவர் 'நா'. அவ்விளையவர் ஆணா பெண்ணா என்பதைச் சொல் காட்டுவதில்லை. தமிழ் முறைப்பெயர்கள் வேறோர் அச்சிற் சுழல்வன. தாயின் சகோதரன் மூத்தவராயினும் இளையவராயினும் மாமனே. தந்தையின் சகோதரன் பெரியப்பாவோ சித்தப்பாவோ ஆவார். மணமுறை உள்ளவர் யார், இல்லாதவர் யார் என்பதைக் காப்பது தமிழ் ஒழுங்கு. மூப்பைக் காப்பது தாய்லாந்து ஒழுங்கு. ஆகவேதான் அங்கு மனைவி கணவனைப் 'பீ' என்று அழைப்பது முற்றிலும் இயல்பு. அச்சொல்லை 'அண்ணன்' என்று பெயர்த்துக்கொண்ட தமிழர் அதனைக் கேட்டுத் திடுக்கிடுவர். ஆங்கிலக் கைநூல்களோ 'லுங்', 'ஆ', 'நா' மூன்றையும் 'அங்கிள்' என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கிவிட்டு, 'பா'வையும் மீண்டும் வரும் 'ஆ', 'நா' இரண்டையும் 'ஆன்ட்' என்பதற்குள் இட்டுவிடுகின்றன. குடும்பம் பற்றிய பக்கத்தில் அவை பட்டியலாகக் கிடக்கும். தெருவிற் காய்கறி விற்கும் பெண்ணையும் வாசலிற் காவல் நிற்கும் முதியவரையும் அழைக்கப் பயன்படும் சொற்கள் இவையே என்பது அப்பக்கத்திற் கூறப்படுவதில்லை.

இதன் விளைவு யாது? பத்தாண்டு வாழ்ந்த பின்னும் எல்லோரையும் 'குன்' என்றழைக்கும் ஒருவரை எவரும் குறைகூற மாட்டார்கள். அவர் பேச்சு மரியாதையானது. ஆனால் அவர் எவருக்கும் மூத்தவருமல்லர், இளையவருமல்லர். ஆதலால் எவருடைய கடமைக்கும் உரியவராகார். மூத்தவரென ஒப்புக்கொள்ளப்பட்டவர் உணவுக் கடையில் எல்லோருக்குமாகப் பணங் கொடுத்தல் வேண்டும். இளையவரென ஏற்றுக்கொண்டவர் தண்ணீர் ஊற்றுதல் வேண்டும். உறவுச் சொல்லோடு இத்தகைய சிறு சுமைகளும் வந்து சேர்கின்றன. கைநூல் அச்சுமையிலிருந்து தன் வாசகரை விடுவிக்கின்றது. விடுவிக்கப்பட்டவர் வெளியே நிற்கின்றார்.

இந்நூல்மரபின் வரலாற்றையும் சுருக்கமாக நோக்குதல் அவசியம். 1830இல் சயாமுக்கு வந்து 1862இல் அங்கேயே மறைந்த பிரான்சிய ஆயர் பல்லகுவா, 1854இல் பாரிசிற் பதிப்பித்த பேரகராதியில் தாய்லாந்து மொழிச் சொற்களுக்கு இலத்தீன், பிரான்சியம், ஆங்கிலம் ஆகிய மும்மொழியிலும் பொருள் தந்தார். அவர் நோக்கம் மதம் பரப்புதல். எனினும் மனிதரோடு வாழ்ந்து மொழியைக் கற்றவரின் பரப்பு அதில் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க இராணுவத்தின் தேவைக்காகத் தாய்லாந்து மொழியைக் கற்பித்தவர் மேரி ஹாஸ். அமெரிக்க ஆதிக்குடிகளின் மொழிகளை ஆய்ந்த பயிற்சியோடு இதற்கு வந்தவர் அவர். 1964இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகம் வெளியிட்ட அவரது மாணவர் அகராதி இவ்வகை நூல்களுள் இன்றும் தலைசிறந்தது என்று துணிந்து கூறலாம். பெயர்ச்சொற்களோடு அவற்றை எண்ணுதற்குரிய எண்ணடைச் சொல்லையும் அவர் தருகின்றார். ஒரு சொல் பேச்சுக்குரியதா, செம்மைக்குரியதா, அரச வழக்கா, இழிவழக்கா என்பதையும் குறிக்கின்றார்.

எண்ணடைச் சொல் என்பது சிறு விடயமாகத் தோன்றலாம். தாய்லாந்து மொழியில் மனிதரைக் 'கொன்' என்றும், விலங்கைத் 'துவா' என்றும், வண்டியையும் குடையையும் 'கன்' என்றும், நூலையும் கத்தியையும் 'லெம்' என்றும் எண்ணுவர். பிக்குவை மனிதரோடு சேர்த்து எண்ணுவதில்லை. 'றூப்', அதாவது உருவம், என்றே எண்ணுவர். மனிதரைத் 'துவா' என எண்ணுவது வசை. வினைச்சொற்களும் இவ்வாறே படியேறுவன. உண்ணுதல் வீட்டிற் 'கின்', சபையில் 'தான்' அல்லது 'றப்பிரதான்', பிக்குவுக்குச் 'சன்', அரசருக்குச் 'சவோய்'. வெறும் 'கின்' ஒன்றையே கற்றுக்கொண்டு விகாரைக்குத் தானங் கொண்டுசெல்பவர் பிக்குவிடம் எவ்வாறு வாய்திறப்பார் என்பதைக் கைநூல்கள் கருதிப் பார்ப்பதில்லை. ஹாஸ் கருதிப் பார்த்தார். 1968இல் ஜோசப் குக் தாய்லாந்து, பர்மிய, வியட்நாமிய மொழிகளின் தன்மை முன்னிலைச் சொற்களைப் பற்றி ஒரு தனிநூலே எழுதினார். எனவே அறிவு இல்லாமையாற் கைநூல்கள் வறுமையுற்றன என்று கூறவியலாது. பல்கலைக்கழக அடுக்குகளில் இருந்த அறிவு சந்தை அடுக்குகளுக்கு வந்து சேரவில்லை.

ஏன் வந்து சேரவில்லை என்பதற்கு விடை வாசகரின் சமூக நிலையில் உள்ளது. வியட்நாம் போர்க்காலத்தில் உடோன், உபோன், கோராட், ஊதபாவோ முதலிய இடங்களில் நிலைகொண்ட அமெரிக்கப் படைகள் 1976இல் வெளியேறின. படைகள் விட்டுச் சென்ற இடத்தை உல்லாசப் பயணத்துறை நிரப்பியது. அதன் பின்னர் ஓய்வூதியர்களும் கம்பனி அலுவலர்களும் வந்தனர். இம்மூவகையினருக்கும் பொதுவான ஒன்று உண்டு: அவர்கள் காசு கொடுப்போர், எதிரில் நிற்பவர் பணி செய்வோர். ஆதலால் 'எவ்வளவு?', 'விலை அதிகம்', 'குறைத்துத் தரவும்', 'காரம் வேண்டாம்', 'இங்கே நிறுத்து' என்பன அவர்கள் மொழியின் முதுகெலும்பாயின. இலங்கைத் தோட்டத்துரைமாருக்கெனக் கொழும்பில் அச்சான கையடக்கத் தமிழ் வழிகாட்டியொன்றின் பெயர் 'இங்கே வா' என்பதாகும். மலையகத் தொழிலாளியின் மொழியிலிருந்து துரைக்குத் தேவைப்பட்டது அந்த இரு சொற்களே என்பதை அப்பெயர் ஒளிவுமறைவின்றிக் கூறியது. இன்றைய கைநூல்கள் பண்பாக 'தயவுசெய்து' என்பதைச் சேர்த்துக்கொண்டிருக்கின்றன. அக்காலத்துப் படைமுகாம்களைச் சூழ எழுந்த வாழ்க்கை 'மியா சாவ்', வாடகை மனைவி, என்ற சொல்லை அம்மொழிக்கு ஈந்தது. அதனை எக்கைநூலும் கற்பிப்பதில்லை. அது அந்நியரைப் பற்றி அந்நாட்டவர் பேசும் சொல். அந்நியர் பேசும் சொல்லன்று.

பிற்காலத்துக் கைநூல்கள் பண்பாட்டு விளக்கம் என்ற பகுதியையும் சேர்த்துக்கொண்டன. அதில் இரண்டு சொற்கள் தவறாது இடம்பெறும். ஒன்று 'மை பென் றை'. 1965இல் வெளிவந்த கரோல் ஹொலிஞ்சரின் நூலொன்று இதனையே தலைப்பிற் கொண்டது. தமிழில் 'பரவாயில்லை' என்றால் தீர்ந்தது. அதிற் கீழைத்தேயத் தத்துவம் எதுவும் தேடவேண்டியதில்லை. மற்றது 'க்ரெங் ஜை'. க்ரெங் என்பது அஞ்சுதல். ஜை என்பது உள்ளம். பிறர் மனம் வருந்துமோ, பிறருக்குச் சிரமமாகுமோ என்று தன் தேவையை அடக்கிக்கொள்ளுதல். இதற்கு ஆங்கிலத்திற் சொல் இல்லை என்ற ஒரே காரணத்தால், அது தாய்லாந்தியரின் ஆன்ம மருமம் என்பதுபோற் பக்கம் பக்கமாக எழுதுகின்றனர். தாட்சணியம் என்ற சொல்லை அறிந்தவருக்கு அதில் மருமம் இல்லை. உண்மையிற் கேட்கவேண்டிய வினா வேறு: யார் யாருக்குத் தாட்சணியம் பார்க்க வேண்டியிருக்கின்றது? பணிப்பெண் எசமானிக்கும், மாணவன் ஆசானுக்கும், குடியானவன் மாவட்ட அதிகாரிக்கும் அஞ்சி அடங்குவதை அழகிய பண்பாடு என்று மட்டுமே விளக்கும்போது அதன் மேல்கீழ் ஒழுங்கு மறைந்துவிடுகின்றது.

ஒலி பற்றிய குறைபாட்டை விரிவாகப் பேச வேண்டியதில்லை. ஐவகைத் தொனிகளையுடைய மொழி அது. அரசின் அதிகாரபூர்வமான றோமன் எழுத்துமுறையோ தொனியையும் காட்டுவதில்லை, உயிரின் குறில் நெடிலையும் காட்டுவதில்லை. அருகு என்பதும் தொலைவு என்பதும் அம்முறையில் ஒரே எழுத்துக்கோவையாகும். தமிழெழுத்தில் நெடில் தப்பிப் பிழைக்கும், தொனி பிழைக்காது. 'மா' என்ற ஒலி தொனி வேறுபாட்டால் வா என்றும் குதிரை என்றும் நாய் என்றும் பொருள்படும். பழந்தமிழில் மா என்பது குதிரையையும் குறிக்கும். 'நாய்' என்பதோ தாய்லாந்து மொழியில் எசமான். தற்செயல்கள் இவ்வளவிற் போதும்.

தற்செயலல்லாத ஒற்றுமைகளும் உண்டு என்பதைத் தமிழாய்வாளர் நெடுங்காலமாக எடுத்துக்கூறி வந்துள்ளனர். தக்குவாபாவிற் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டும், பாங்கொக் அரண்மனைப் பிராமணர் ஓதும் திருவெம்பாவையும் தனிநாயகம் அடிகளார் முதலியோரின் எழுத்துகளால் நம்மவர்க்கு நன்கு அறிமுகமானவை. அவை பெருமைக்குரியன. ஆனால் அப்பெருமை அங்கு வாழப்போகும் ஒருவருக்கு மொழியைக் கற்றுத் தராது. சிலவேளை இடறவும் செய்யும். 'சொங்சான்' என்பது சம்சாரமே. அதற்கு இன்று இரக்கப்படுதல் என்று பொருள். 'பிரதேத்' என்பது பிரதேசம், பொருளோ நாடு. 'சாதாரண' என்பது பொதுமக்களுக்குரியது. 'வாத்சனா' என்பதை வாசனை என்று கொள்ளும் தமிழர் ஏமாறுவர். முற்பிறப்பின் நல்வினையால் வந்த அதிர்ஷ்டம் என்பது அதன் பொருள். சிங்களம் அறிந்தவர் 'வாசனாவ' என்பதைக் கொண்டு அதனை உடனே உணர்ந்துகொள்வார். 1753இல் ஆயுத்தயாவிலிருந்து கண்டிக்கு வந்த உபாலி தேரரின் பௌத்த உறவு வழியாக இருநாடுகளும் பாளிச் சொல்லுலகு ஒன்றைப் பகிர்ந்துகொண்டவை.

இனி, இக்கைநூல்களின் முதற்பக்கத்திலேயே ஐயமின்றி வழங்கப்படும் ஒரு சொல்லுக்கு வரலாம். 'தாய்லாந்தில் வதியும் அந்நியர்' என்பவர் யார்? தாய்லாந்து மொழியில் அதற்கு ஒரு சொல் இல்லை, பல உண்டு. வெள்ளையர் 'ஃபறங்'. பாரசீகம் வழியாக வந்த இச்சொல்லும் நமது 'பறங்கி'யும் ஒரே வேரின. அங்குக் கொய்யாப் பழத்துக்கும் ஃபறங் என்றே பெயர். இங்குப் பறங்கிக்காய் வேறொன்று. இரண்டும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தவையே. இந்தியர், பாகிஸ்தானியர், மலாயர், அராபியர் ஆகியோருக்குப் பேச்சில் வழங்கும் சொல் 'கேக்'. அதன் நேர்ப்பொருள் விருந்தினர். விருந்தினர் என்ற நற்சொல் தோல்நிறத்தையும் மதத்தையும் சுட்டும்போது ஏளனத்தின் சாயலையும் ஏற்றுக்கொண்டது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தமிழர் எழுப்பிய சீலோம் வீதி மாரியம்மன் கோயிலை அயலவர் 'வாத் கேக்' என்றே அழைப்பர். நூற்றாண்டு கடந்தும் அம்மன் விருந்தினர் கோயிலிலேயே இருக்கின்றாள். மூன்றாவது சொல் 'தாங் டாவ்'. அந்நிய நிலத்தவர் எனப் பொருள்படும் இது 1979ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் சொல். சட்டத்தில் அது எல்லா வெளிநாட்டவரையும் குறிக்கும். தொண்ணூறு நாளைக்கு ஒரு தடவை தம் இருப்பிடத்தை அறிவிக்கக் குடிவரவு அலுவலகத்துக்குச் செல்லும் ஐரோப்பியரும் அங்குத் 'தாங் டாவ்' தான். ஆனாற் செய்தித்தாளிலும் தெருவிலும் அச்சொல்லைக் கேட்போர் மனத்தில் எழுவது மியன்மார், கம்போடியா, லாவோஸ் ஆகிய நாடுகளிலிருந்து வந்த கூலித் தொழிலாளியின் உருவமே.

எண்ணிக்கையால் நோக்கின் அந்நாட்டில் வாழும் அந்நியருட் பெருந்தொகையினர் இவர்களே. சமுத் சாக்கோன் மாகாணத்தின் மீன் பதனிடும் ஆலைகளிலும், எல்லையோர மே சோட் நகரின் ஆடைத் தொழிற்சாலைகளிலும், பாங்கொக்கின் கட்டட வேலைத்தலங்களிலும் இலட்சக்கணக்கில் உள்ளனர். 2021இல் மியன்மாரில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய பின் வந்தோரும் இவர்களோடு சேர்ந்தனர். இவர்களுக்குத் தேவைப்படும் சொற்கள் எவை? 'நாய் சாங்', வேலை கொடுப்பவர், 'கா றேங்', கூலி, 'ஹக்', பிடித்துக்கொள்ளுதல், 'பத்', அட்டை, 'தோ', தவணை நீட்டித்தல். கூலியிற் பிடித்துக்கொள்ளும் 'ஹக்' என்ற சொல்லைப் புத்தகக் கடையின் கைநூலிற் தேடுதல் வீண். தன் வாசகருக்குக் கூலி பிடிக்கப்படுவதில்லை என்று அந்நூலுக்குத் தெரியும். இத்தொழிலாளர்களுக்கெனத் தொண்டு நிறுவனங்கள் வகுப்புகளும் சிறு பிரசுரங்களும் நடத்துவதுண்டு. ஆயினும் பெரும்பாலோர் மொழியைப் பெறுவது ஏவலைக் கேட்டுத்தான். இவ்வகையில் நம்மவரின் கதையும் ஒன்றுண்டு. 1942 - 1943இல் யப்பானிய இராணுவம் 415 கிலோமீற்றர் நீளமான சயாம் பர்மா இரயிற் பாதையை அமைத்தபோது மலாயத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட பல்லாயிரந் தமிழரும் அந்நாட்டில் வதிந்த அந்நியரே. அவர்களிற் பலர் அக்காட்டிலேயே மாண்டனர்.

இங்கு ஒரு மறுப்புக்கு இடமுண்டு. தொடக்க மாணவனிடம் இருபது தன்மைப் பெயர்களைக் கொட்டின் அவன் வாயடைத்துப் போவான். 'பொம்', 'குன்' என்ற இரண்டைக் கொண்டு தொடங்குவதே அறிவுடைமை. அந்நியரின் பிழைகளை அந்நாட்டவர் பெருந்தன்மையோடு பொறுப்பர் என்று ஆசிரியர்கள் கூறுவர். இதில் உண்மை உண்டு. கைநூல்கள் பொய்யை எழுதவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். அரசு வகுத்த செம்மொழியையே அவை படியெடுக்கின்றன. 1942இல் பிபுலின் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தோடு தன்மை முன்னிலைப் பெயர்களையும் எல்லோருக்கும் பொதுவான ஓரிரு சொற்களாகக் குறுக்க முயன்றது. 1944இல் அவர் பதவியிழந்ததும் மக்கள் தத்தம் பீயும் நோங்கும் லுங்கும் யாயுமாக முன்போலவே பேசலாயினர். அரசாணையாற் செய்ய இயலாது போனதைக் கைநூல் தன் பக்கத்திற்குள் நிறைவேற்றி வைத்திருக்கின்றது.

வடகிழக்குப் பகுதியான இசான் பற்றியும் இதையே கூறலாம். பாங்கொக்கின் வாடகை வண்டி ஓட்டுநரும் கட்டடத் தொழிலாளரும் பணிப்பெண்களும் பெருவாரியாக அங்கிருந்தே வருகின்றனர். அவர்கள் தமக்குட் பேசுவது லாவோ மொழியின் ஒரு வகை. 'இல்லை' என்பதற்கு மத்திய தாய்லாந்தில் 'மை', அவர்களுக்குப் 'போ'. சுவை என்பதற்கு அங்கு 'அறோய்', அவர்களுக்குச் 'சேப்'. இசான் பெண்ணை மணந்து அவ்வூரிலேயே குடியேறும் அந்நியர் தம் கைநூலோடு மாமியார் வீட்டு முற்றத்தில் அமர்ந்து, சுற்றத்தார் பேசுவதில் ஒரு சொல்லும் விளங்காது விழிக்கின்றார். குறை தம் செவியில் என்றே அவர் எண்ணிக்கொள்வார்.

பாங்கொக்கின் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பழைய மாணவர் சங்க மொழிநிலையத்தில் மார்வின் பிறவுண் 1984 முதல் வேறொரு வழியைக் கையாண்டார். பல நூறு மணிநேரம் மாணவர் வாய்திறவாது, இரு ஆசிரியர் தமக்குள் உரையாடுவதைக் கேட்டிருத்தல் வேண்டும் என்பது அவ்வழி. அதனைப் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் தனிச்சொல்லுக்குப் பதிலாக இருவர் பேசும் காட்சியை முன்வைத்தமை அதன் சிறப்பு. காட்சியில் உறவு தானாகவே வந்துவிடுகின்றது.

அச்சிலும் இது இயலாததன்று. ஒழுங்கை முனையில் நூடில்ஸ் விற்கும் நடுவயதுப் பெண் ஒருத்தியைக் கைநூல்கள் 'மே கா' என்று தருகின்றன. மே என்பது தாய்; கா என்பது வியாபாரம். விற்பனைப் பெண் என்று எதிர்ப்பக்கத்திற் பொருள் இருக்கும். காலையிற் பள்ளிக்குச் செல்லும் சிறுவன் அவளைப் 'பா' என்கிறான். மோட்டார் சைக்கிள் ஓட்டும் இளைஞன் 'பீ' என்கிறான். எதிர்க் கடைச் சீன வம்சாவளியினர் 'ஜே' என்கிறார். காவல் நிற்கும் முதியவர் 'நோங்' என்றழைத்து ஒரு கோப்பை கேட்கின்றார். பிக்குவின் பாத்திரத்தில் உணவிடும்போது அவள் தன்னை வேறொரு சொல்லாற் குறிக்கின்றாள். பின்புறம் கோப்பை கழுவும் பர்மியப் பெண்ணுக்கு அவள் 'நாய் சாங்'. இத்தனை பேரும் ஒரு மணிநேரத்துள் வந்துபோகின்றனர். எவரும் அவளை 'குன்' என்றழைக்கவில்லை.

அக்கடையில் அமர்ந்து உண்ணும் அந்நியர் எழுந்து, கைநூலின் 41ஆம் பக்கத்தையோ 42ஆம் பக்கத்தையோ நினைவுகூர்ந்து, 'குன்' என்று தொடங்கி விலை கேட்கின்றார். அவள் புன்னகையோடு விரல்களால் எண்ணிக் காட்டுகின்றாள்.